பழைய கல்நார்க் கூரை: கழற்றுவதா, அப்படியே விட்டுவைப்பதா?

பழங்கூரை (இந்த உரையாடல் இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் கட்டிய வீட்டை ஒட்டி, ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட சாய்ப்புக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் கூரை முழுவதும் நெளிவான கல்நார்ச் சிமென்ட் தகடுகள்; பேச்சுவழக்கில் சொன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரண்டு தகடுகளில் கீறல் விழுந்திருக்கிறது. மேற்பரப்பு பாசி படிந்து கறுத்துவிட்டது. கைவைத்தால் சொரசொரப்பாக இருக்கிறது. வீட்டுக்குள் ஓர் அறையில் பழைய பொய்க்கூரைப் பலகைகளும், கூடத்தில் அதே காலத்து வினைல் தரை ஓடுகளும் உள்ளன. அவற்றிலும் கல்நார் இருக்குமோ என்ற ஐயம் இப்போதுதான் எழுந்திருக்கிறது.

வீட்டைச் செப்பனிட வேண்டியிருப்பதால் இருவரிடம் கேட்டேன். தகடுகளைச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளிவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். கழற்றவே வேண்டாம், உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாசியைக் கழுவி வர்ணம் பூசினால் இன்னும் நெடுங்காலம் தாங்கும் என்று மற்றவர் சொல்கிறார். தேடிப் படித்தால், தொட்டாலே புற்றுநோய் வரும் என்பவர்களும், வெள்ளைக் கல்நாரால் ஒரு தீங்கும் இல்லை என்பவர்களும் சரிபாதியாக இருக்கிறார்கள். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதில் அனுபவமோ படிப்போ உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்கோணம்

நண்பரே, நான் கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளுமே தவறானவை. உடைத்துத் தள்ளுவதும் உயர் அழுத்தத்தில் கழுவுவதும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. சிமென்டுக்குள் இறுகிக் கிடக்கும் இழைகளை விடுவித்துவிடுகின்றன. அழுத்தத் தண்ணீர் பாசியோடு சேர்த்து மேலடுக்குச் சிமென்டையும் அரித்தெடுத்து, இழை கலந்த சேற்றைச் சுவரிலும் சாக்கடையிலும் பக்கத்து வீட்டு முற்றத்திலும் தெளித்துவிடும். அந்தச் சேறு காய்ந்த பிறகு தூசியாக எழும்.

கல்நார் என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. இழை வடிவில் கிடைக்கும் ஆறு கனிமங்களை அந்தப் பெயரால் அழைக்கிறோம். அவற்றுள் கட்டடங்களில் பெரிதும் பயன்பட்டவை மூன்று: வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைல், பழுப்புக் கல்நார் எனப்படும் அமோசைட், நீலக் கல்நார் எனப்படும் குரோசிடோலைட். ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் சிமென்டோடு கல்நாரைக் கலந்து மெல்லிய தகடு செய்யும் முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். தீப்பிடிக்காத, துருப்பிடிக்காத, மலிவான அந்தத் தகடு உலகெங்கும் பரவியது. கூரைத் தகட்டில் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடுதான் கல்நார் இருக்கும், மீதி சிமென்ட். குழாய்களையும் கொதிகலன்களையும் சுற்றிப் பூசிய வெப்பக்காப்பு, இரும்புத் தூண்களில் தெளித்த தீக்காப்புப் பூச்சு ஆகியவற்றில் இந்தப் பங்கு மிகவும் கூடுதல். தெளிப்புப் பூச்சுகள் சிலவற்றில் 85 விழுக்காடு வரைகூட இருக்கும்.

விழுக்காட்டைவிட முக்கியமானது, இழைகள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பது. விரலால் அழுத்தினாலே பொடியாகும் பொருளும், அறுத்தாலோ உடைத்தாலோ மட்டும் இழையை வெளிவிடும் பொருளும் ஒன்றல்ல. நல்ல நிலையில் உள்ள சிமென்ட் தகட்டை அப்படியே விட்டுவைப்பது பெரும்பாலும் அறிவுடைய முடிவுதான். உங்கள் கூரையோ சொரசொரப்பாகிவிட்டது என்கிறீர்கள். நெடுங்கால மழையும் காற்றிலுள்ள அமிலமும் சிமென்டைக் கரைத்து இழைகளை மேலே துருத்திக்கொண்டு நிற்கச் செய்திருக்கின்றன என்பதே அதன் பொருள். இரண்டு தகடுகளில் கீறலும் இருப்பதால், முறையாகக் கழற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது கூரை அன்று, அறைக்குள் இருக்கும் பொய்க்கூரைப் பலகை. வெளியே கொட்டகை மேல் இருக்கும் தகட்டிலிருந்து உதிர்வதைக் காற்று கலைத்துவிடும். மூடிய அறைக்குள் இருக்கும் கல்நார்க் காப்புப் பலகை சிமென்ட் தகட்டைவிட மென்மையானது. அதில் அமோசைட் கலந்திருப்பதும் வழக்கம். ஆணி அடித்தாலே போதும், தூள் உதிரும். அதைப் பரிசோதிக்காமல் எதையும் தொடாதீர்கள்.

முற்றத்துநிழல்

இந்த அச்சம் தேவைக்கு மேற்பட்டது என்று நினைக்கிறேன். நான் பிறந்தது முதல் நாற்பது ஆண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வாழ்ந்தவன். என் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் அதனால் ஒருவரும் நோயுற்றதாக நான் அறியேன். புதிய வகைத் தகடுகளை விற்க விரும்புபவர்கள் அண்மைக் காலத்தில் கிளப்பிவிட்ட அச்சமாக இது இருக்கக் கூடாதா? ஏழை மக்களுக்குக் கூரை கொடுத்த பொருளை இப்படிப் பழிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூச்சுத்தடம்

ஐயா, நான் நுரையீரல் மருத்துவர். தொழில்சார் நோயாளிகளையே அதிகம் பார்க்கிறேன். தாங்கள் சொன்னதில் பாதியை மனமார ஏற்கிறேன். உடையாத கூரையின் கீழ் உறங்குபவருக்கு ஆபத்து சிறியதே. அதைச் சொல்லாமல் மக்களை அச்சுறுத்துவது எனக்கும் உடன்பாடன்று. மறுபாதியைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த அறிவு அண்மையில் வந்ததன்று.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக், அதில் கனிமத் துகள்களையும் தழும்புகளையும் கண்டு எழுதினார்; 1927இல் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயரும் நிலைபெற்றது. 1930இல் மெரிவெதரும் பிரைசும் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து பிரிட்டன் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள்; மறு ஆண்டே தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நுரையீரல் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால் 1955இல் எண்களோடு காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய குழுவினரும், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் 33 பேருக்கு இருந்ததை வெளியிட்டார்கள். அவர்களுள் சுரங்கத்தில் ஒரு நாளும் வேலை செய்யாத, அருகில் வாழ்ந்ததோடு சரி என்ற நிலையில் இருந்தவர்களும் அடங்குவர். மாற்றுத் தகடு விற்பவர் எவரும் அன்று சந்தையில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நோய் உண்டாகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்நாரை நசுக்கினால் அது மணல்போல் பொடியாவதில்லை. நீளவாக்கில் பிளந்துகொண்டே போய், தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்கைவிடவும் மெல்லிய இழைகளாகிறது. கண்ணுக்குத் தெரியாது, மணம் இல்லை, இருமலும் வராது. மெல்லியவை என்பதால் அவை மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்விடுகின்றன. அங்கே கிருமிகளை விழுங்கும் வேலையைச் செய்யும் செல்கள் இவற்றையும் விழுங்க முயல்கின்றன. இழையோ அந்தச் செல்லைவிட நீளமாக இருக்கிறது. விழுங்க முடியாத செல் அழற்சியூட்டும் பொருள்களைக் கக்கிவிட்டு மடிகிறது, அடுத்த செல் வருகிறது, அதுவும் மடிகிறது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்த அழற்சிதான் தழும்புக்கும் புற்றுக்கும் வித்து.

ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போவது. இது பெரும்பாலும் பல ஆண்டுகள் கனத்த தூசியில் உழைத்தவர்களுக்கே வருகிறது. நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. மீசோதீலியோமா என்பது நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள மெல்லிய உறையில் தோன்றும் புற்று. இது மற்றவற்றைவிடக் குறைந்த அளவு தூசியிலும் வரக்கூடியது. புகைப்பழக்கத்தோடு இதற்குத் தொடர்பில்லை. குரல்வளைப் புற்றும் சூலகப் புற்றும்கூடக் கல்நாரால் வருவதாக உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஏற்றிருக்கிறது. மூச்சில் போன நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். தாங்கள் அறிந்தவர்கள் எவரும் நோயுறவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு தாமதமாக வரும் நோயை அக்கம்பக்கத்து அனுபவத்தைக் கொண்டு அளக்க இயலாது. எழுபது வயதில் மூச்சுத்திணறலோடு வரும் முதியவரிடம், இருபது வயதில் எந்தக் கூரையை அறுத்தீர்கள் என்று எத்தனை மருத்துவர்கள் கேட்கிறார்கள்?

புகைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் ஹேமண்டும் செலிகாஃபும் வெளியிட்ட ஆய்வில், இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், கல்நார்த் தூசி மட்டும் பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காகவும், புகைப்பழக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு 11 மடங்காகவும், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 50 மடங்குக்கும் மேலாகவும் இருந்தது. கூரை வேலை செய்யும் ஒருவர் பீடியையோ சிகரெட்டையோ விட்டுவிட்டால், எந்த மருந்தும் தர இயலாத பாதுகாப்பைத் தமக்குத் தாமே தந்துகொள்கிறார்.

வெண்தூசி

மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தந்தை கொதிகலன்களுக்கு வெப்பக்காப்புச் சுற்றும் வேலையில் இருந்தார். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய சட்டை, புருவம், காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். என் தாய் அந்தச் சட்டையை வாசலில் உதறிவிட்டுத் தான் துவைப்பார். நாங்கள் சிறுமிகள், அப்பாவின் மடியில் ஏறி அந்த வெண்தூசியில் விரலால் கோடு போட்டு விளையாடுவோம். அது என்னவென்று அவருடைய மேலாளர்கள் ஒரு நாளும் அவருக்குச் சொல்லவில்லை. வேலையிடத்திலேயே குளித்து உடைமாற்ற ஓர் அறைகூட அமைத்துத் தரவில்லை.

தந்தை வேறு நோயால் முதுமையில் காலமானார். மீசோதீலியோமா வந்தது என் தாய்க்கு. ஆலைக்குள் காலடி வைக்காதவருக்கு எப்படி வந்தது என்று நாங்கள் திகைத்தபோது, வீட்டில் வேலை உடைகளைத் துவைத்தவர் யார் என்று மருத்துவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலண்டனில் நியூஹவுசும் தாம்சனும் 1965இலேயே இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். பழங்கூரை அவர்களே, யார் வந்து உங்கள் கூரையைக் கழற்றினாலும், அந்த ஆள் அதே சட்டையோடு தம் பிள்ளைகளிடம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

முற்றத்துநிழல்

அம்மா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். நான் எழுதியதில் அக்கறையின்மை தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனினும் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. நீலமும் பழுப்பும் கொடியவை, வெள்ளை அப்படியன்று என்று பலர் எழுதுகிறார்கள். கூரைத் தகட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைதானே? அப்படியானால் அதையும் ஏன் தடை செய்கிறார்கள்?

மூச்சுத்தடம்

நியாயமான கேள்வி, ஐயா. வெள்ளைக் கல்நார் இழை சுருண்டது. நுரையீரலிலிருந்து மற்ற இரண்டையும்விட விரைவாக நீங்குகிறது. மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலத்தின் ஆற்றல் அதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதும் உண்மை. ஆனால் குறைவான தீங்கு என்பது தீங்கின்மை ஆகிவிடாது. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே மேற்சொன்ன முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு போடத்தக்க அளவு எதுவும் நிறுவப்படவில்லை. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985இல் தடுத்துவிட்டு, வெள்ளையை 1999 வரை விட்டுவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2005இல் தடை வந்தது. ஆஸ்திரேலியாவில் 2003இன் இறுதியில். நெடுங்காலம் வெள்ளைக் கல்நாரை வெட்டி ஏற்றுமதி செய்த கனடாவே 2018இல் அதைத் தடை செய்தது. சுரங்கத்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் பெற்றிருந்த அங்குள்ள நகரம் 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. வேலையிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2,00,000க்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது.

நுண்ணோக்கி

ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் பரிசோதனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ கல்நார் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. செயற்கை இழையும் மரக்கூழ் இழையும் கலந்த புதிய தகடுகள் பார்வைக்குப் பழையவற்றைப் போலவே இருக்கும். துருவமுனைப்பு நுண்ணோக்கியில் இழையின் ஒளியியல் பண்புகளைப் பார்த்தே வகையை உறுதி செய்கிறோம். ஐயம் மிஞ்சினால் மின்னணு நுண்ணோக்கிக்குப் போகிறோம். பரிசோதிக்கும் வரை கல்நார் இருப்பதாகவே எண்ணி நடந்துகொள்வதுதான் முறை.

மாதிரியைப் பயிற்சி பெற்றவர் எடுப்பதே நல்லது. எடுக்கும் இடத்தை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, கட்டைவிரல் நகத்தளவு துண்டு ஒன்றை, ஏற்கெனவே உடைந்திருக்கும் விளிம்பிலிருந்து மெதுவாகப் பிரித்து, இரண்டு உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மூட வேண்டும். எடுத்த இடத்தைப் பசை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். வினைல் ஓடு என்றால் ஓட்டின் துண்டை மட்டும் அனுப்பினால் போதாது. அதன் அடியில் உள்ள கருநிறத் தார்ப் பசையையும் தனி மாதிரியாக அனுப்புங்கள். ஓட்டில் இல்லாமல் பசையில் மட்டும் கல்நார் இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பழங்கூரை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சுத்தியல்காரரையும் அழுத்தத் தண்ணீர்க்காரரையும் நிறுத்திவைத்துவிட்டேன். மாதிரிகளை முறையாக எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். கூரையைக் கழற்றுவது என்று முடிவானால், வேலை சரியாக நடக்கிறதா என்பதை நான் எப்படி அறிந்துகொள்வது? ஒரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நானே செய்துவிடலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார்.

சாரக்கட்டு

தம்பி, உங்கள் மைத்துனரைக் கூரையில் ஏற விடாதீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாகக் கூரை வேலை செய்கிறேன். அவற்றில் கடைசிப் பதினொன்று கல்நார் அகற்றும் குழுவின் மேற்பார்வையாளராக. நுரையீரலைப் பற்றி மருத்துவர் சொல்லிவிட்டார். நான் முதலில் சொல்ல வேண்டியது முதுகெலும்பைப் பற்றி. பழைய சிமென்ட் தகடு ஆள் பாரத்தைத் தாங்காது. பாசி மூடியிருப்பதால் ஆணிவரிசை எங்கே, வெறும் தகடு எங்கே என்றும் தெரியாது. தூசிக்கு அஞ்சி விலையுயர்ந்த கவசம் மாட்டிக்கொண்டு ஏறியவர் தகடு உடைந்து விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். கல்நார் முப்பது ஆண்டுகள் கழித்துக் கொல்லும். கூரை அன்றே கொன்றுவிடும். ஆகவே கீழிருந்து மேடை கட்டி நின்றுகொண்டு கழற்றுவதுதான் முதல் தேர்வு. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், கூரைச் சட்டத்திலிருந்து சட்டத்துக்குப் பாரத்தைப் பகிரும் நடைபலகைகளும், கீழே வலையும், உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புக் கச்சையும் வேண்டும்.

காற்று வீசும் நாளில் வேலையைத் தொடங்கக் கூடாது. அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி, சன்னல்களை மூடச் செய்ய வேண்டும். கொட்டகையைக் காலி செய்து, தரையிலும் சுற்றிலும் தடித்த பாலித்தீன் தாள் விரிக்க வேண்டும். வேலை செய்பவரைத் தவிர ஒருவரும் உள்ளே வரக் கூடாது; பிள்ளைகள் அன்று வீட்டிலேயே இல்லாதிருந்தால் இன்னும் நல்லது.

சவர்க்காரம் சில துளி கலந்த தண்ணீரைக் கைத்தெளிப்பானால் பூந்தூறலாகத் தெளித்து நனைக்கிறோம். வெறும் தண்ணீர் தகட்டுக்குள் ஊறாமல் வழிந்துவிடும். தகட்டின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் நனைக்க வேண்டும்; அங்கேதான் ஆண்டுக்கணக்கான தூசி ஒட்டியிருக்கிறது. நனைந்த கூரை வழுக்கும் என்பதால், நனைத்த பிறகு எவரும் அதன் மேல் நிற்கக் கூடாது. துருவேறிய கொக்கி போல்ட்டைச் சுழற்றிப் போராடினால் தகடு உடையும். போல்ட் வெட்டியால் நறுக்கிவிடுவதே வழி. முகட்டுத் தகடு முதலில், பிறகு போட்ட வரிசைக்குத் தலைகீழாக மற்றவை. ஒவ்வொன்றையும் முழுத் தகடாக, இருவர் பிடித்து, கையிலிருந்து கைக்கு இறக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை உரசி இழுப்பதும், சரித்து விடுவதும், மேலிருந்து போடுவதும் கூடாது. கிரைண்டர், வாள், மின்துளைப்பான் மூன்றும் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. கிரைண்டரால் ஒரு தகட்டைச் சில நிமிடம் அறுத்தால் எழும் தூசி, கூரை முழுவதையும் முறையாகக் கழற்றினால் எழுவதைவிட மிகுதி.

சாதாரணத் துணிக்கவசமும் மருத்துவமனைக் கவசமும் இந்த இழையைத் தடுக்காது. பி3 அல்லது பி100 தரமுள்ள வடிகட்டி வேண்டும். அது முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பொருத்திப் பார்த்திருக்கவும் வேண்டும். தாடி வைத்திருப்பவருக்கு முகத்தோடு ஒட்டும் கவசம் எதுவும் பொருந்தாது. தலைமூடியுள்ள, ஒருமுறை பயன்படுத்தும் மேலங்கி அணிகிறோம். கயிறு கட்டும் காலணி அணிவதில்லை, கயிற்றின் மடிப்பில் இழை தங்கும். கழுவக்கூடிய ரப்பர் காலணிதான். வேலை முடிந்ததும் மேலங்கியை ஈரத்துணியால் துடைத்து, உட்புறம் வெளியே வருமாறு உரித்து, பையில் போட்டுவிட்டு, கவசத்தைக் கடைசியில் கழற்றுகிறோம். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுவதும் எடுத்த கவனம் ஒரு நொடியில் போய்விடும். பிறகு குளியல். வெண்தூசி அம்மா கேட்டுக்கொண்டதை எங்கள் குழுவில் எவரும் மீறியதில்லை. மீறியவரை மறுநாள் வேலைக்கு அழைத்ததில்லை.

துடைப்பத்தால் பெருக்குவதும், வீட்டுத் தூசியுறிஞ்சியைப் பயன்படுத்துவதும் கூடாது. வீட்டுக் கருவி பெரிய குப்பையைப் பிடித்துக்கொண்டு நுண்ணிழையை மறுபக்கம் ஊதிவிடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவில் சேர்க்க வேண்டும். மழைநீர்த் தாழ்வாரத்தில் படிந்திருக்கும் வண்டலை ஈரமாகவே வாரிப் பையில் போடச் சொல்லுங்கள். கூரையிலிருந்து அரித்து வந்த இழை அங்கேதான் சேர்ந்திருக்கும். தகடுகளை 0.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, கல்நார் என்று எழுதி ஒட்டி, அதற்கென அனுமதி பெற்ற புதைகுழிக்கு அனுப்ப வேண்டும். அது எந்த இடம், எந்த அனுமதி என்பதை முன்கூட்டியே உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். உடைந்த தகட்டை வேலியாகவோ, பாதைக்கு நிரப்பாகவோ, கோழிக்கூண்டுக் கூரையாகவோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

செங்கோணம்

கடைசியாகச் சொன்ன செய்திக்கு ஒரு சான்று சேர்க்கிறேன். இத்தாலியின் கசாலே மொன்ஃபெராத்தோ நகரில் 1907 முதல் 1986 வரை கல்நார்ச் சிமென்ட் ஆலை இயங்கியது. ஆலைக் கழிவை மக்கள் வாங்கிப்போய் முற்றங்களில் பரப்பினார்கள், மச்சில் வெப்பக்காப்பாகவும் போட்டார்கள். ஆலை மூடிப் பல்லாண்டுகள் ஆன பின்னும், ஆலையில் வேலையே செய்யாத நகரவாசிகளுக்கு மீசோதீலியோமா வந்துகொண்டிருந்தது.

பழைய கூரையை அகற்றாமல் அதன் மேலேயே இரும்புத் தகடு போட்டு மூடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். கூரைச் சட்டங்கள் இரட்டைப் பாரத்தைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. புதிய தகட்டைப் பொருத்தப் பழைய தகட்டில் எத்தனை துளை போட வேண்டியிருக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

புதுமனை

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தபோது கை நடுங்கியது. போன மாதம் ஒரு பழைய சுவர்ப்பலகையில் மின்துளைப்பானால் ஆறு துளைகள் போட்டேன். தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினேன். அது கல்நார்ப் பலகை என்று நேற்றுத்தான் தெரிந்தது. நான் உடனே என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

மூச்சுத்தடம்

சகோதரி, முதலில் அமைதியாக இருங்கள். கல்நாரால் வரும் ஆபத்து, வாழ்நாளில் மூச்சில் போன மொத்த அளவைப் பொறுத்துக் கூடுகிறது. ஆறு துளைகளால் சேர்ந்தது மிகச் சிறிய அளவு. நோயுற்றோரில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே உழைத்தவர்கள். இப்போது ஊடுகதிர்ப் படம் எடுத்தால் அதில் எதுவும் தெரியாது, ஏனென்றால் மாற்றம் ஏற்பட்டால்கூட அது பல்லாண்டுகள் கழித்தே தெரியும். உள்ளே போன இழையை வெளியேற்றும் மருந்தும் இல்லை. அப்படி ஏதாவது விற்கப்பட்டால் வாங்க வேண்டாம். நடந்த நாளையும், இடத்தையும், செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் மருத்துவக் குறிப்புகளோடு வைத்துவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த அறையை மறுபடி பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துளைகளைப் பசையால் அடைத்து, அதன் மேல் வர்ணம் பூசிவிடுங்கள்.

தூசியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு என் அறிவுரை வேறு. அவர்கள் மூச்சுத்திறன் சோதனையையும் மார்புப் படத்தையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்து வர வேண்டும். நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகளைத் தவறவிடக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் தம் பழைய தொழிலைத் தாமாகவே சொல்ல வேண்டும்.

முற்றத்துநிழல்

என் பழைய வீட்டில் குடிநீர் வந்ததும் கல்நார்ச் சிமென்ட் குழாய் வழியாகத்தான். அதையும் அஞ்ச வேண்டுமா?

மூச்சுத்தடம்

குடிநீரில் கலந்த கல்நாரை விழுங்குவதால் புற்றுநோய் வருகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்பதே உலகச் சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. மூச்சுவழிதான் முதன்மையான கவலை. குழாயை வெட்டிப் பழுதுபார்ப்பவருக்குத்தான் எச்சரிக்கை தேவை. அவரும் உலர்நிலையில் இயந்திர வாளால் அறுக்கக் கூடாது.

பழங்கூரை

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இழையை யாராவது பிற்காலத்தில் படித்தால் பயன்படும் என்பதால் நடந்ததை முழுமையாகப் பதிகிறேன்.

ஆய்வக முடிவில், கூரைத் தகட்டில் கிரைசோடைல் இருந்தது. செங்கோணம் அவர்கள் ஐயப்பட்டபடியே பொய்க்கூரைப் பலகையில் அமோசைட் இருந்தது. அந்த அறையில்தான் என் பிள்ளைகள் உறங்கினார்கள். அன்றே அவர்களை வேறு அறைக்கு மாற்றிக் கதவைப் பூட்டினேன். தரை ஓட்டில் கல்நார் இல்லை. அடியில் உள்ள கருநிறப் பசையில் இருந்தது.

பொய்க்கூரைக்கு உரிமம் பெற்ற குழு வந்தது. அறை முழுவதையும் பாலித்தீன் தாளால் மூடி, உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாதபடி வடிகட்டியோடு கூடிய விசிறியால் உள்ளழுத்தத்தைக் குறைத்து, மூன்று கட்ட நுழைவாயில் அமைத்து வேலை செய்தார்கள். முடிந்த பிறகு, வேலையில் சம்பந்தப்படாத வேறொருவர் வந்து காற்றை அளந்தார். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.01 இழைக்கும் குறைவு என்று எழுத்தில் தந்த பிறகுதான் மூடுதாளை அகற்றினார்கள். கூரையைச் சாரக்கட்டு ஐயா எழுதிய முறையிலேயே கழற்றினார்கள். கழிவைப் புதைகுழி ஏற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

தரை ஓடுகளைக் கழற்றவில்லை. பசை ஓட்டின் அடியில் இறுகிக் கிடக்கிறது, சுரண்டினால்தான் ஆபத்து. அதனால் அப்படியே விட்டு, மேலே புதிய தரை விரிப்பைப் போட்டுவிட்டேன். விட்டுவைத்ததை நான் மறந்துவிடலாம், எனக்குப் பின் வருபவருக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே எந்த அறை, எந்த அடுக்கு, பரிசோதித்த நாள், ஆய்வக முடிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, படத்தோடு சேர்த்து மின்பலகைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். தரையைத் தோண்ட வரும் எவரும் முதலில் மின்சாரத்தை நிறுத்த அங்கேதான் போவார். வீட்டுப் பத்திரத்தோடும் ஒரு படி இருக்கிறது.

சாரக்கட்டு

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், தம்பி. ஒன்று மட்டும் மீதம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிய வரிசையில் உள்ள மண்ணை நல்ல மழைக்குப் பிறகு நடந்து பாருங்கள். பழைய உடைசல் ஏதாவது மண்ணுக்குள் இருந்தால் மழை அதை மேலே கொண்டுவரும். மண் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

பழங்கூரை

நேற்றிரவு நல்ல மழை. இன்று காலை போய்ப் பார்த்தேன். உள்ளங்கையளவில் ஒன்றும் விரலளவில் இரண்டுமாக மூன்று துண்டுகள் கிடைத்தன. கவசமும் கையுறையும் அணிந்து, ஈரமாகவே எடுத்து, இரட்டைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். குழுவினர் நாளை வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மழைக்குப் பிறகும் பார்ப்பேன், ஐயா.